டை கட்டி உளுந்தாட்டிய நாள்

கழுத்தில் டை கட்டிக்கொண்டு உளுந்து ஆட்டக் கூடாது என்பது எனக்கு இருபத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு எந்த வயதில் தெரிந்தது என்று அதற்குப் பிறகு பலரிடம் விசாரித்தேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்படி ஆட்ட நினைத்ததில்லையாம்.

(கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவன் கிரைண்டரைத் தொட்டதே அன்றுதான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊர் ஊருக்குக் கிரைண்டர் செய்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் அம்மா மாவு ஆட்டுவார், நான் இட்லி சாப்பிடுவேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.)

அப்போது நான் பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், கருமத்தம்பட்டி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். மென்பொருள் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொழில்நுட்ப எழுத்து சொல்லித்தர வேண்டும். அதாவது, தான் செய்த மென்பொருளை இன்னொருவர் எப்படிப் பயன்படுத்துவது என்று புரியும்படி எழுதப் பழக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும்.

முதல் வாரம் அவர்கள் செய்த ஏதாவது ஒரு புராஜெக்டுக்கு விளக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். விடுதி மெஸ்ஸுக்கு ஆப் செய்திருந்த ஒரு குழு இரண்டே வரியில் எழுதி வந்திருந்தது. "ரன் செய்யவும். ஓடவில்லை என்றால் கவினைக் கேட்கவும்."

"யாருப்பா கவின்?" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நெட்டையான பையன் எழுந்தான். "நானுங்க சார்."

"அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் இதைப் படிக்கறார்னு வை. அப்ப அவரு உன்னை எங்க வந்து தேடுவாரு?"

கவின் நிஜமாகவே யோசித்தான். "தாராபுரத்துலதானுங்க சார் இருப்பேன். தோட்டம் இருக்குதுங்க."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நியாயமான பதில் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகள். நான் எதைச் சொன்னாலும் "செரிங்க சார்" என்பார்கள். நான் தப்பாகச் சொன்னாலும் "செரிங்க சார்" என்பார்கள், கொஞ்சம் மெதுவாக. அந்த மெதுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் மேடம் ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தங்கமான மனுஷி. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் காப்பி வாங்கிக் கொடுப்பார். அன்று காப்பியோடு பஜ்ஜியும் வந்தது. 

"சார், உங்க ஹவரை எடுத்துப்போட்டு இன்னொரு கோடிங் கிளாஸ் வெக்கலாம்னு மேலிடத்துல பேசிக்கறாங்க," என்றார். "நம்ம காலேஜ் கண்காட்சியத் தொறந்து வெக்கறதுக்கு ஐயா வர்றாருங்க. அவரு கண்ணு முன்னால உங்க பசங்க எதையாச்சும் செஞ்சு காட்டிப்போட்டா, கிளாஸும் நிக்கும், உங்க பர்மனென்ட் ஆர்டரையும் நான் பேசி வாங்கிக் குடுத்தர்றேன்."

ஐயா என்பவர் கல்லூரியின் தாளாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசமாட்டார். குடும்பத் தொழில் கிரைண்டர் தயாரிப்பு.

அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். காரமடையில் பவித்ரா என்ற பெண்ணை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வேலை பர்மனென்டுங்களா?" என்று கேட்டார். என் அப்பா கண்ணைக்கூட இமைக்காமல், "அடுத்த மாசம் ஆர்டர் கைக்கு வந்துருமுங்க," என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு ஆர்டர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மண்டபம் பேசியாகிவிட்டது. இனி ஆர்டரை நான்தான் கொண்டுவர வேண்டும்.

யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மாணவர்கள் ஒரு பொருளுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதுவார்கள். அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் மேடையில் நின்று, எழுதியதை எழுதியபடியே செய்து காட்டுவான். குறிப்பு சரியாக இருந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் நடக்காது. மென்பொருள் என்றால் பிள்ளைகள் இணையத்திலிருந்து ஆங்கிலத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள். அதனால் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னேன். ஐயா வருகிறார் என்பதால் கிரைண்டர். ஒன்றும் தெரியாதவன் வேடத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வந்த குறிப்புகளில் நஸ்ரின் எழுதியதுதான் முதல் தரம். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண். அவள் அம்மாவை மாவு ஆட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று, கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். படித்தபோது எனக்கே ஆட்ட வந்துவிடும்போல இருந்தது.

மேடைக்கு நான் இரண்டு விதிகள் வைத்தேன். குறிப்பில் இருப்பதைத் தவிர யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது. குறிப்புதான் பேச வேண்டும். அடுத்தது, நஸ்ரின் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். நான் கையை உயர்த்தினால் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

"ஏனுங்க சார், ஊட்ல ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வந்தர்றீங்களா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"ஓட்டிப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுபோயிரும். அப்பறம் அது டெஸ்டா?" என்றேன் நான், பெரிய மேதை மாதிரி.

"செரிங்க சார்," என்றாள், மெதுவாக.

கண்காட்சி நாள் காலையில் டை கட்டினேன். எனக்கு டை கட்டத் தெரியாது. போனில் வீடியோவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி நிறுத்திக் கட்டினேன். (செய்முறைக் குறிப்பைப் பின்பற்றுவதில் என் திறமை அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.) முடித்துப் பார்த்தால் டையின் நுனி பெல்ட்டைத் தாண்டித் தொங்கியது. கம்பீரமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாவாட்டறதுக்கா கண்ணு இதெல்லாம்?"

"மாவாட்டறது இல்லம்மா. டெமோ."

"என்னமோ போ. சட்டைக் கையையாச்சும் மடிச்சு உட்டுக்க."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்பவன் அல்லவா.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஐயா, பக்கத்தில் மேடம். என் நிகழ்ச்சி முடிந்ததும் ஐயா ரிப்பன் வெட்டிக் கண்காட்சியைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்காக ஒரு மாணவி தாம்பாளத்தில் பூவும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு மேடை ஓரமாக நின்றாள். போட்டோ எடுப்பவர் கேமராவோடு தயாராக இருந்தார். மேசை மேல் ஐயா கம்பெனி கிரைண்டர், பக்கத்தில் ஊறிய உளுந்து, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கரண்டி. சுவிட்ச் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்று கிரைண்டரை நானே அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். இது பிறகு முக்கியமாகப் போகிறது.

கையை உயர்த்தினேன். நஸ்ரின் மைக்கில் முதல் வரியைப் படித்தாள். "துப்பட்டாவோ முந்தானையோ இருந்தால், இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளவும்."

நான் என் தோளைத் தடவிப் பார்த்தேன். முதுகைத் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்து, "எனக்குத் துப்பட்டா இல்லை. முந்தானையும் இல்லை. எழுதியிருப்பதை மட்டும் செய்கிறவன் நான். எனவே இந்த வரியைத் தாண்டிப் போகிறேன்," என்றேன்.

அரங்கமே சிரித்தது. ஐயாகூட லேசாகச் சிரித்தார். என் மனசுக்குள் ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

"சார், அது வந்துங்க..." என்று நஸ்ரின் ஓரடி முன்னால் வந்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, "குறிப்பு பேசட்டும்," என்றேன். "செரிங்க சார்," என்று பின்னால் போய்விட்டாள். வகுப்பு மொத்தமும் என் டையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய்விட்டது போல என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தடுத்த வரிகள் அருமையாகப் போயின. கல்லைப் பொருத்தச் சொன்னாள், பொருத்தினேன். திருகை இறுக்கச் சொன்னாள், இறுக்கினேன். தண்ணீர், சுவிட்ச், உளுந்து பிடி பிடியாக. கிரைண்டர் ஓடியது. உளுந்து வெள்ளையாகத் திரண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மாவு என்னால் உண்டாகிறது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பரவசமாகிவிட்டது.

"ஓரத்தில் ஏறும் மாவைக் கரண்டியால் கல் பக்கம் தள்ளிவிடவும்," என்று படித்தாள் நஸ்ரின்.

குனிந்தேன்.

முதலில் யாரோ கீழேயிருந்து மரியாதையாகக் கூப்பிடுவதுபோலக் கழுத்தில் ஒரு சின்ன இழுப்பு. நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த இழுப்பில் மரியாதை இல்லை. டையின் நுனி கல்லுக்கடியில் போய்விட்டது. நல்ல கிரைண்டர், பிடித்ததை விடாது. என் முகம் மாவை நோக்கி இறங்க ஆரம்பித்தது. ஒரு கையை மேசையில் ஊன்றி என்னைத் தாங்கிக்கொண்டேன். சுவிட்ச் அந்தப் பக்கம் இருந்தது, கை எட்டவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தப் பார்த்தேன். முடிச்சு இறுகித் தொண்டையில் சத்தம் வரவில்லை. மிச்சம் இருந்த ஒரே கையை உயர்த்தி ஆட்டினேன்.

நஸ்ரின் அடுத்த வரியைப் படித்தாள். "சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளிக்கவும்."

அது இல்லை என்று கையை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"மாவு பொங்கி வரும் வரை ஆட்டவும்." அவள் குரல் நடுங்கியது. விதி விதிதானே. கை உயர்ந்தால் அடுத்த வரி.

நான் மறுபடியும் ஆட்டினேன். "பதம் தெரியாவிட்டால், துளி மாவைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். மிதக்க வேண்டும்," என்று படித்தாள் அந்தக் குழந்தை, அழுதுகொண்டே.

இதற்குள் கவின் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். வந்தவன் நிறுத்தியிருக்க வேண்டுமா இல்லையா? கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து என் காதருகில், "ஏனுங்க சார், ஆஃப் பண்ணிப்போடட்டுங்களா?" என்று அனுமதி கேட்டான். என்னால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. பின்னாலிருந்து இன்னொருவன், "டேய், சார் சொல்லட்டும்டா, மார்க்க கொறச்சுப்போடுவாரு," என்றான். இப்படிப்பட்ட ஒழுக்கத்தை இந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்லித்தந்தது? நான்தான்.

மூக்கில் உளுந்து வாசம் அடித்தது. சாகும்போது பவித்ராவின் முகம் வரும் என்று நினைத்திருந்தேன். பவித்ராவின் அப்பா முகம் வந்தது. "பர்மனென்டுங்களா?" என்றார்.

அப்போதுதான் ஐயா எழுந்தார். அவசரமே இல்லாமல் மேடைக்கு வந்தவர், கிரைண்டரைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையால் சுவிட்சை அணைத்தார். நின்ற பிறகும் கல் டையை விடவில்லை. முடிச்சும் என் கழுத்தை விடவில்லை. ஐயா சுற்றிலும் பார்த்தார். தாம்பாளத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். என் கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு, நறுக்கென்று வெட்டினார்.

காலையிலிருந்து கத்தரிக்கோலுக்காகவே காத்திருந்த போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார். வெட்டுகிற சத்தம் கேட்டதும் பின்வரிசையினர் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

எனக்குக் காயம் எதுவும் இல்லை. கழுத்தில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். ஆனால் மூக்கு நுனியில் உளுந்து மாவும் கழுத்தில் துண்டு டையுமாக நிமிர்ந்தபோது, வேலை போயிற்று, கல்யாணம் போயிற்று என்று தெளிவாகத் தெரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்போதுதான் நஸ்ரினைப் பார்த்தேன். மைக்கைப் பிடித்தபடியே தேம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதானுங்க சார். டைன்னு எழுதாம உட்டுப்போட்டேன். உங்க வேலை போயிருச்சுன்னா..."

என் வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. பாவமாக இருந்தது. எனக்கு வேலை போகக் கூடாது என்று என்னைவிட அதிகமாக அந்தப் பெண் பயந்திருக்கிறாள். "நீ எழுதினது எல்லாம் சரி கண்ணு. உன்னைப் பேச உடாதவன் நான்தானே," என்றேன். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது, ஆனாலும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஐயா அவள் பக்கம் திரும்பினார். "அம்மணி, துப்பட்டா எழுதுனீங்க, முந்தானை எழுதுனீங்க. டையை ஏன் எழுதாம உட்டீங்க?"

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கூட்ல அம்மா ஆட்டுவாங்க, அக்கா ஆட்டுவாங்க, நான் ஆட்டுவேனுங்க ஐயா. டை கட்டுனவங்க மாவாட்டி நான் பாத்ததில்லீங்க." மைக்கை இன்னும் பக்கத்தில் பிடித்தாள். "ஆம்பளைங்க ஆட்டியே பாத்ததில்லீங்க."

மேடம்தான் முதலில் கைதட்டினார். பிறகு அரங்கத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்த அக்காகூட டிரேயைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியதைப் பார்த்தேன். ஆண்கள் எல்லோரும் கூரையில் ஃபேன் சுற்றுவதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

ஐயா கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்தார். "எங்க கிரைண்டரோட குடுக்கற புத்தகத்துல துப்பட்டாகூட இல்லீங்க மேடம்," என்றார். "இத்தன வருசமா விக்கறோம். யாரு நின்னு ஆட்டறாங்க, என்ன கட்டிட்டு ஆட்டறாங்கன்னு ஒருத்தனும் யோசிக்கல. இந்தக் கிளாஸ் இருக்கட்டுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ஆர்டரை ஆபீஸ்ல வாங்கிக்கங்க தம்பி. டை கட்டிட்டு வந்தராதீங்க."

ரிப்பனை யாரும் வெட்டியதாக எனக்கு நினைவில்லை. அதைத் தூக்கிப் பிடித்து, அடியில் குனிந்தே எல்லோரும் உள்ளே போனார்கள்.

போட்டோ அன்று மாலை நான் வீடு போய்ச் சேர்வதற்குள் காரமடைக்குப் போய்விட்டது. "டையை வெட்டிக் கண்காட்சியைத் திறந்து வைத்தார்" என்று யாரோ கீழே எழுதியும் இருந்தார்கள். பவித்ரா போன் செய்தாள். அதுவரை நாங்கள் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

 பிறகு, "உளுந்து பொங்கி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விக்கி விக்கிச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கல்யாணம் என்றால் இருந்த பயம் எனக்கு அன்றோடு போனது. அவள் அப்பா மறுநாள் என் அப்பாவைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை மாவெல்லாம் ஆட்டுவாருன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே," என்றாராம். ஆர்டரைப் பற்றி அவர் கேட்கக்கூட இல்லை.

கல்யாண வரவேற்பில் வழக்கம்போல எனக்கும் கோட்டு சூட்டு மாட்டி நிற்க வைத்திருந்தார்கள். என் வகுப்பு மொத்தமும் வரிசையில் வந்தது. கவினும் இன்னொருவனும் ஒரு கனமான பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கி வந்து காலடியில் வைத்தார்கள். என்னவென்று கேட்கவே தேவையில்லை. மேலே நஸ்ரினின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "துப்பட்டா, முந்தானை, டை எது இருந்தாலும் ஒதுக்கிக்கொள்ளவும். ஆண்களும் ஆட்டலாம்," என்று தொடங்கியது. கடைசி வரி, "ஓடவில்லை என்றால் கவினைக் கேட்கவும்." இந்தத் தடவை பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. நான் சொல்லித்தந்ததில் அதுவாவது ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பவித்ரா அதைக் கடைசி வரை படித்தாள். படித்துவிட்டு, மேடையில் அத்தனை பேர் பார்க்க, என் டையை அவிழ்த்துத் தன் தோழியிடம் கொடுத்துவிட்டாள். எங்கள் ஆல்பத்தில் அதற்குப் பிறகு வரும் படங்களில் எல்லாம் மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருப்பார், டை இருக்காது. பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடனே பவித்ரா முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் கிரைண்டர்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாவு என் பொறுப்பு. பனியனோடு நின்று ஆட்டுகிறேன், நன்றாகவே வருகிறது. நஸ்ரின் இப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் இதே எழுத்து வேலையில் இருக்கிறாள். எனக்கு மேல் சம்பளம். என் வகுப்பில் இப்போது யாராவது "செரிங்க சார்" என்று மெதுவாகச் சொன்னால், நான் பாடத்தை நிறுத்திவிட்டு, "என்ன கண்ணு, என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்கிறேன்.

வீட்டில்தான் என் பாடு திண்டாட்டம். ஏதாவது வாக்குவாதம் வந்து, போதும் நிறுத்துங்கள் என்று நான் கையை உயர்த்தினால் தீர்ந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எந்த அறையில் இருந்தாலும் ஓடிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "மாவு பொங்கி வரும் வரை ஆட்டவும்," என்கிறாள். அவள் அம்மா அடுத்த வரியைச் சொல்கிறாள். என் அம்மாவுக்கும் இப்போது மனப்பாடம். மூன்று பேரும் முடிக்கும் வரை நான் கையைத் தூக்கியபடியே நிற்கிறேன். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு, உளுந்து களையப் போகிறேன்.